கானாவாழை: காட்டில் களை, தொட்டியில் கீரை

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் ஒன்றுக்கே பாதிப் பக்கத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளப் போகிறேன். வேடசந்தூர் பக்கத்திலிருந்து ஒரு வாசகி, மூன்று படங்களோடு எழுதியிருக்கிறார்:

“ஐயா, எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் செம்மண் காடு. ஆடிப்பட்டத்தில் கடலை போட்டிருக்கிறோம். போன வருஷம் வரப்போரத்தில் மட்டும் இருந்த நீலப் பூ செடி, இந்த வருஷம் ரொட்டவேட்டர் ஓட்டிய பிறகு காடு முழுக்க வந்துவிட்டது. அத்தை அதைக் கானாவாழைக் கீரை என்று பறித்துப் பருப்பில் போட்டு பிள்ளைகளுக்குக் கொடுக்கிறார். பக்கத்துக் காட்டு அண்ணன், ‘அது பொல்லாத களை, மருந்தை அடிச்சு விடு’ என்கிறார். கைப்பேசியில் ஒருவர் இதே செடியை மூலிகை நாற்று என்று ஒன்று 80 ரூபாய்க்கு விற்கிறார். யார் சொல்வது சரி? மாட்டுக்குப் போடலாமா? கொல்லையில் வளர்க்கலாமா?”

நல்ல கேள்வி தங்கச்சி. படம் தெளிவாக இருப்பதால் பெயரை உறுதியாகச் சொல்லிவிடலாம். இது கானாவாழைதான். தாவரவியல் பெயர் கொமெலினா பெங்காலென்சிஸ். கானாம்வாழை, கானாங்கோழை என்றெல்லாம் சொல்லுவார்கள். சில ஊர்களில் கானாங்கோழிக் கீரை என்றும் கேட்டிருக்கிறேன். கானாங்கோழி என்பது குளத்தோரம் திரியும் பறவை; அதற்கும் இதற்கும் பெயரில்தான் உறவு.

அத்தை சொல்வது சரி. அண்ணன் சொல்வதில் ‘களை’ என்பது சரி, ‘மருந்தை அடி’ என்பதில்தான் எனக்கு விவகாரம் இருக்கிறது. 80 ரூபாய் கொடுத்து வாங்குவது மட்டும் வேண்டவே வேண்டாம். உங்கள் காட்டில் உள்ளதை நாற்றாக விற்றால் கடலையைவிட அதிக வருமானம் வரும் போலிருக்கிறது!

முதலில் செடியை எப்படி அடையாளம் காண்பது என்று பார்த்துவிடுவோம். மற்ற வாசகர்களுக்கும் பயன்படும். நீலப் பூ என்ற ஒன்றை மட்டும் வைத்து எந்தச் செடியையும் வாயில் வைக்கக் கூடாது.

தண்டைப் பாருங்கள். சதைப்பற்றாக, கணுக்கணுவாக, தரையோடு படர்ந்து நுனி மட்டும் நிமிர்ந்து இருக்கும். மண்ணைத் தொடும் கணு ஒவ்வொன்றிலும் வேர் விடும். இலை முட்டை வடிவம், இரண்டு மூன்று அங்குல நீளம், நரம்புகள் அடியிலிருந்து நுனிக்கு இணையாக ஓடும். இலையின் அடிப்பகுதி ஒரு உறை போலத் தண்டைச் சுற்றிக்கொண்டிருக்கும். அந்த உறையின் வாயை வெயிலில் பிடித்துப் பாருங்கள். செம்பழுப்பு நிறத்தில் முடிகள் நீட்டிக்கொண்டிருக்கும். கானாவாழைக்கு இது நல்ல அடையாளம்.

அடுத்தது பூ வரும் இடம். பச்சை இலை ஒன்றை மடித்துப் புனல் செய்தது போல ஒரு மடல் இருக்கும். அதற்குள்ளிருந்துதான் பூ தலைநீட்டும். மடலை இரண்டு விரலால் அழுத்தினால் வழவழவென்று நீர் வரும். மடலின் அடி ஓரங்கள் ஒன்றோடொன்று ஒட்டித் தைத்தது போல இருந்தால் அது கானாவாழை. புத்தகத்தை மடித்தது போல அடிவரைக்கும் திறந்திருந்து, இலையும் குறுகி நீண்டிருந்தால், அது இதன் பங்காளி வகை. கொமெலினா டிஃப்யூசா என்பார்கள். வாய்க்கால் ஓரத்திலும் ஈரமான தோப்பிலும் அது அதிகம்.

பூவுக்கு மூன்று இதழ். மேலே இரண்டு பெரியது, நல்ல நீலம். கீழே ஒன்று சிறியது, வெளிறியது, சட்டென்று கண்ணில் படாது. காலையில் விரிந்த பூ மதியத்துக்குள் சுருங்கிக் கூழாகிவிடும். அதனால் அடையாளம் பார்க்க வேண்டுமென்றால் காலை எட்டு, ஒன்பது மணிக்குப் பாருங்கள். பொழுது சாயப் போய்விட்டு ‘பூவே இல்லை, இது வேறு செடி’ என்று முடிவுகட்ட வேண்டாம்.

இந்த மூன்று இதழுக்கு ஒரு கதை உண்டு. செடிகளுக்கு இரட்டைப் பெயர் வைக்கும் முறையை நிலைநாட்டிய சுவீடன் நாட்டு லின்னேயஸ், ஹாலந்து நாட்டுக் கொமெலின் குடும்பத்தின் பெயரை இதற்கு வைத்தார். அந்தக் குடும்பத்தில் இருவர் தாவரவியலில் பெயர் வாங்கியவர்கள். அவர்கள்தான் இரண்டு பெரிய இதழ்கள். ஒன்றும் சாதிப்பதற்குள் இறந்துபோன மூன்றாமவர்தான் அந்தச் சின்ன இதழ். இருவரில் யான் கொமெலின் என்பவர், மலையாளக் கரையின் செடிகளைப் பற்றி 1678 முதல் ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்த ‘ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்’ நூலுக்குக் குறிப்புகள் எழுதிக் கொடுத்தவர். நம் பக்கத்து நாட்டுச் செடிகளோடு அப்போதே அவருக்குத் தொடர்பு இருந்திருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருவோம். போன வருஷம் வரப்பில் இருந்தது இந்த வருஷம் காடு முழுக்க எப்படி வந்தது?

கானாவாழைக்குப் பெருக இரண்டு வழி. ஒன்று தண்டு. ஒரு கணு உள்ள துண்டு ஈரமண்ணில் விழுந்தாலே போதும், தனிச் செடியாகிவிடும். ரொட்டவேட்டர் என்ன செய்கிறது? படர்ந்த தண்டைத் துண்டுதுண்டாக வெட்டி, காடு முழுக்க இழுத்துப்போய், மண்ணுக்குள் பதித்து வைக்கிறது. அடுத்த மழைக்கு ஒவ்வொரு துண்டும் துளிர்க்கிறது. கரும்புக் கரணை நடுவது போல நீங்களே நட்டுக் கொடுத்திருக்கிறீர்கள். ரொட்டவேட்டரைக் குறை சொல்லவில்லை. கானாவாழை, கோரை, அறுகு மாதிரித் துண்டிலிருந்து வருகிற களை உள்ள காட்டில், அவற்றைப் பொறுக்கி எடுக்காமல் ரொட்டவேட்டரை இறக்கக் கூடாது.

இரண்டாவது வழி விதை. இங்கேதான் இந்தச் செடியின் சாமர்த்தியம். வேரோடு ஒன்றைக் கவனமாகத் தோண்டிப் பாருங்கள். அடித்தண்டிலிருந்து வெள்ளையாக, நூல் கணக்கில் சில தண்டுகள் மண்ணுக்குள் போயிருக்கும். அவற்றின் நுனியில் சிறு மொட்டுகள் இருக்கும். அவை திறக்காத பூக்கள்! மண்ணுக்குள்ளேயே தன் மகரந்தத்தால் தானே கருவுற்று, அங்கேயே விதை வைக்கும். கடலையில் மேலே பூத்து விழுது இறங்கி மண்ணில் காய் வைக்கிறது. இதில் பூவே மண்ணுக்குள் உண்டாகிறது. மேலே நீலப் பூவிலிருந்து வரும் விதை, கீழே மண்ணில் வரும் விதை, இரண்டிலும் பெரியது, சிறியது என்று மொத்தம் நான்கு வகை விதை. எல்லாம் ஒரே நேரத்தில் முளைக்காது. சில உடனே, சில அடுத்த மழைக்கு, சில அதற்கும் பிறகு. அதனால்தான் ‘போன மாதம்தானே களை வெட்டினோம்’ என்று தோன்றும். தலையை மட்டும் கொய்தால், மேல்விதை குறையும். கீழ்விதை அப்படியே இருக்கும்.

உங்கள் கடலைக்கு இனி என்ன செய்யலாம்? விதைத்து எத்தனை நாள் என்று நீங்கள் எழுதவில்லை, அதனால் பொதுவாகச் சொல்கிறேன். கடலையில் முதல் 45 நாள்தான் களையோடு போட்டி அதிகம். 20-ஆம் நாளையொட்டி முதல் களை எடுங்கள். அப்போது கானாவாழை இளசாக, பூக்காமல், மண்ணுக்குள் அதிகம் இறங்காமல் இருக்கும். இரண்டாவது களையை 40, 45-ஆம் நாளில் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் போட்டு மண் அணைக்கும்போதே முடித்துவிட வேண்டும். அதற்குப் பிறகு விழுது இறங்கிவிடும். களைக்கொத்தைப் போட்டுக் கிளறினால் காய்தான் போகும். அப்புறம் தென்படுகிற செடிகளைக் கையால் மெல்ல இழுத்து எடுப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எடுத்த களையை வரப்பிலோ சாலிலோ போடாதீர்கள். மற்ற களை ஒரு நாள் வெயிலில் சுருண்டுவிடும். இது சதைப்பற்றான தண்டு. பிடுங்கிப் போட்ட பிறகும் பல நாள் உயிரோடு கிடந்து, ஒரு தூறல் விழுந்தால் வேர் பிடித்துவிடும். கூடையில் அள்ளி வெளியே கொண்டுவாருங்கள். மாட்டுக்குப் போடலாம்; மிச்சத்தைப் பாறையிலோ சிமெண்டுக் களத்திலோ சருகாகும் வரை காயப்போடுங்கள். பச்சையாகக் குப்பைக்குழியில் போட்டால் எருவோடு சேர்ந்து திரும்பக் காட்டுக்கே வரும்.

அடுத்த பட்டத்துக்கு ஒரு யோசனை. முதல் மழைக்கு உழுததும் உடனே விதைக்காமல், நாள் இருந்தால் பத்துப் பதினைந்து நாள் விட்டுப் பாருங்கள். மேலாக உள்ள விதை முளைக்கும். இரண்டு அங்குல ஆழத்துக்குள் உள்ளதுதான் பெரும்பாலும் முளைக்கும் என்பதால், அவை இளசாக இருக்கும்போதே மேலோட்டமாகக் குண்டை ஓட்டிச் சீவிவிட்டு விதையுங்கள். ஆழமாகக் கிளறினால் அடுத்த அடுக்கு விதையை மேலே கொண்டுவந்ததாகிவிடும். மானாவாரியில் பதினைந்து நாள் காத்திருப்பது சுலபமில்லை என்று எனக்கும் தெரியும். காடு முழுக்க முடியாவிட்டாலும் அதிகம் மண்டிய பகுதியில் மட்டுமாவது செய்யுங்கள்.

இனி மருந்து விவகாரம். அண்ணன் எந்த மருந்தைச் சொன்னாரோ தெரியாது. கடலைக்கு முன்முளைப்பாக அடிக்கும் பெண்டிமெத்தலின், புல்லை அடக்கும் அளவுக்குக் கானாவாழையை அடக்காது. கடலைக்குள் புல்லுக்கு என்று கொடுக்கிற குயிசாலோஃபாப் இதைக் கொல்லாது. பார்க்கப் புல் போலப் படர்ந்தாலும் இது புல் குடும்பம் அல்ல. 2,4-டி அடித்தால் கடலையே போய்விடும்; காற்றில் பறந்து பக்கத்துப் பருத்தி, தக்காளியையும் சுருட்டும். மிஞ்சுவது கிளைபோசேட். அதைப் பயிருக்குள் அடிக்க முடியாது என்பது ஒரு பக்கம். பூச்சிக் கட்டுப்பாட்டு உரிமம் உள்ளவர்கள் மூலமாக அல்லாமல் யாரும் பயன்படுத்தக் கூடாது என்று மத்திய அரசு 2022-இல் அறிவித்திருக்கிறது என்பது இன்னொரு பக்கம். இதற்கெல்லாம் மேலாக, கிளைபோசேட்டுக்குத் தாக்குப்பிடிக்கிற செடிகளில் கானாவாழை பேர்போனது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், கிளைபோசேட்டைத் தாங்கும் பருத்தி ரகங்களைப் போட்டு, அந்த ஒரே மருந்தை நம்பி அடித்தார்கள். மற்ற களை செத்தது. போட்டி இல்லாத இடத்தில் நம் ஊர்க் கானாவாழை பெருத்து, பருத்திக்காரர்களுக்குப் பெரிய தலைவலியாகிவிட்டது.

இதில்தான் நான் உங்களிடம் முக்கியமாகச் சொல்ல வேண்டியது இருக்கிறது. வீட்டில் அத்தைக்கும் படித்துக் காட்டுங்கள்.

வரப்பிலோ வாய்க்கால் ஓரத்திலோ யாராவது களைக்கொல்லி அடித்தால், ஒரு வாரத்தில் புல்லெல்லாம் மஞ்சளாகிக் காய்ந்துவிடும். கானாவாழை மட்டும் பச்சையாக நிற்கும். கீரை பறிக்க வருகிறவர் கண்ணுக்கு, காய்ந்த புல்லுக்கு நடுவில் தளதளவென்று நிற்கிற அதுதான் முதலில் படும். மாட்டுக்கும் அப்படித்தான். ‘பச்சையாகத்தானே இருக்கிறது, மருந்து பட்டிருந்தால் கருகியிருக்குமே’ என்று நினைப்பது இயல்பு. மற்ற கீரைக்கு அந்தக் கணக்கு ஓரளவு ஒத்துவரலாம். கானாவாழைக்கு அந்தக் கணக்கு செல்லாது. சுற்றிலும் புல் ஒரே சீராக மஞ்சளடித்திருந்தால், நடுவில் நிற்கும் கானாவாழையைத் தொடாதீர்கள். மாட்டையும் அங்கே கட்டாதீர்கள். பக்கத்துக் காட்டு அண்ணன் அடிப்பதாக இருந்தால், அடிக்கிற நாளை முன்கூட்டியே சொல்லிவிடச் சொல்லுங்கள். அது சண்டை போட வேண்டிய விஷயமில்லை. ‘பிள்ளைகள் கீரை சாப்பிடுகிறார்கள் அண்ணா’ என்றால் யாரும் மறுக்கமாட்டார்கள். பொது வரப்பில் பறிப்பதையே நிறுத்திவிட்டு, வீட்டுக்கு வேண்டியதைத் தொட்டியில் வளர்த்துக்கொள்வது அதைவிட நிம்மதி.

தொட்டி என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. தரையில் நட்டால் அந்த மண்ணடி விதை விழுந்துகொண்டே இருக்கும். பிறகு கொல்லையில் வேறு எதுவும் வைக்க முடியாது. பழைய சிமெண்டுத் தொட்டி, உடைந்த பிளாஸ்டிக் டப், அடியில் ஓட்டை போட்ட பெயிண்டு வாளி, எதுவும் ஆகும். முக்கால் அடி ஆழம் போதும். செம்மண் இரண்டு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு. மருந்து படாத இடத்துச் செடியிலிருந்து ஐந்தாறு அங்குல நுனித்தண்டு ஒடித்து, அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி சாய்த்து நடுங்கள். முருங்கை நிழல் போல அரைநிழல் பிடிக்கும். ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் ஒரு வாரத்தில் வேர் பிடிக்கும், ஒரு மாதத்தில் பறிக்கலாம். பாத்திரம் கழுவிய சோப்புத் தண்ணீரை ஊற்ற வேண்டாம். அடியோடு பிடுங்காமல் மண்ணுக்கு மேல் இரண்டு விரற்கடை விட்டு நறுக்கினால் திரும்பத் துளிர்க்கும். தண்டு முற்றி நாராகும்போது எடுத்துவிட்டுப் புதுத் துண்டு நடுங்கள். அந்தப் பழைய மண்ணைக் காட்டில் கொட்டக் கூடாது, ஞாபகம் இருக்கட்டும்.

சமையல் உங்கள் அத்தைக்கே தெரியும். பச்சையாகச் சாப்பிட வேண்டாம் என்று மட்டும் சொல்வேன். இந்தக் குடும்பத்துச் செடிகளில் ஊசி போன்ற ஆக்சலேட் படிகங்கள் உண்டு. நுனித்தளிரை நன்றாக அலசி, கொதிநீரில் வேகவைத்து அந்த நீரை வடித்துவிட்டுப் பாசிப்பருப்போடு கடைந்தால் போதும். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் இதைத் தவிர்ப்பது நல்லது. பிள்ளைகளுக்கு வாரத்தில் ஒருநாள், மற்ற கீரைகளோடு மாற்றி மாற்றிக் கொடுங்கள்.

மாட்டுக்குத் தாராளமாகப் போடலாம். மாடு, ஆடு, கோழி, முயல் எல்லாம் விரும்பித் தின்னும். ஆனால் இதில் பெரும்பகுதி தண்ணீர். வயிறு நிறைய இதையே போட்டால் சாணி இளகும், பால் கறவைக்குத் தேவையான காய்ந்த தீவனம் உள்ளே போகாது. காலையில் பறித்ததைச் சற்று வாடவிட்டு, சோளத்தட்டையோ வைக்கோலோ கலந்து போடுங்கள். உலர்த்திச் சேர்த்து வைக்கலாம் என்று முயல வேண்டாம். காய்வதற்குள் பூஞ்சணம் பிடிக்கும்.

மற்றவர்களின் சிறு கேள்விகள்:

“வாழைத்தோப்பில் நிழலுக்குக் கீழ் கானாவாழை மூடாக்கு மாதிரிப் படர்ந்திருக்கிறது. மண் ஈரம் காக்கிறதே, விட்டுவிடலாமா?” - வாசகர், லால்குடி.

வேண்டாம். வாழையில் இலை வெளிறிக் கோடுகோடாகிக் குருத்து அழுகுகிற வெள்ளரித் தேமல் வைரஸ் நோய் உண்டல்லவா, அந்த வைரஸ் கானாவாழை இனங்களிலும் தங்கும். அசுவினி அங்கே சாறு உறிஞ்சிவிட்டு இளங்கன்றுக்கு வந்தால் நோயும் கூட வரும். வெள்ளரி, பூசணி, மிளகாய் போட்டிருப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். தக்காளி, கத்தரி, வெண்டைக்காரர்களுக்கு இன்னொரு தொல்லை: வேர்முடிச்சு நூற்புழுவுக்கு இது புகலிடம். பயிரை மாற்றினாலும் களை நின்றால் புழுவும் நிற்கும். மூடாக்குக்கு வாழைச் சருகே போதும்.

“எங்கள் வயலில் சின்ன நீலப் பூ, புல் மாதிரி இலை. இதுவும் அதுதானா?” - வாசகி, மன்னார்குடி.

படத்தில் பூவை மூடும் மடலே இல்லை. இலை உறைக்குள்ளிருந்தே பூ வருகிறது. மூன்று இதழும் ஒரே அளவு, உள்ளே கேசரங்களில் பஞ்சு போல முடி. இது சயனோட்டிஸ் என்ற வகை, கானாவாழைக் குடும்பம்தான். மாடு தின்னும். ஆனால் கானாவாழை என்று நினைத்துக் கீரைக்குப் பறிக்க வேண்டாம்.

“விஷ்ணுகிராந்தியும் கானாவாழையும் ஒன்று என்கிறார்களே?” - வாசகர், அருப்புக்கோட்டை.

இல்லை. விஷ்ணுகிராந்தி காய்ந்த தரிசில் கம்பி போன்ற மெல்லிய தண்டோடு, மயிரடர்ந்து கிடக்கும். பூ வட்டமாக, ஐந்து மூலையாக விரியும். மூன்று இதழ் எண்ண முடிந்தால் அது விஷ்ணுகிராந்தி அல்ல.

“வீட்டில் தொங்கவிட்டிருக்கும் ஊதாவும் வெள்ளியும் வரிபோட்ட இலைச் செடி, கானாவாழை மாதிரியே கணுவில் வேர் விடுகிறது. அதுவும் கீரையா?” - வாசகி, ஓசூர்.

அது டிரடஸ்காண்டியா, அழகுச் செடி. இதே குடும்பம், ஆனால் கீரை அல்ல. அதன் சாறு சிலருக்குத் தோலில் அரிப்பு தரும். தொங்கவிட்ட இடத்திலேயே இருக்கட்டும். நறுக்கிய துண்டுகளை ஆடு, நாய் எட்டாத இடத்தில் போடுங்கள்.